இழுக்காத வண்டி

ஆக்ஸிலரேட்டர் தரையைத் தொட்டுவிட்டது, இதற்குமேல் மிதிக்க இடமில்லை, ஆனாலும் வையாபுரி மிதித்துக்கொண்டேதான் இருந்தார், செருப்புக்குள் பெருவிரல் மடங்கி வலிக்கிற அளவுக்கு, வண்டியோ முனகிக்கொண்டு நடந்து போகிறவன் வேகத்தில் ஊர்ந்தது. காரவள்ளி அடிவாரம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. நாமக்கல்லில் கிளம்பி சேந்தமங்கலம், அப்புறம் காளப்பநாய்க்கன்பட்டி, சமதளத்தில் அது பழைய டீசல் கார் என்று யாரும் சொல்ல முடியாதபடி ஓடிவந்தது. மலை ஏற ஆரம்பித்து மூன்றாவது வளைவோ நான்காவது வளைவோ, டப் என்று சின்னதாக ஒரு சத்தம், யாரோ பலூனை உடைத்த மாதிரி கூட இல்லை, பாக்கெட்டைக் கிழித்த மாதிரி, அதோடு உயிர் போய்விட்டது. உயிர் என்கிற சொல் மனசில் வந்ததும் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். உயிர் இல்லை, இழுவை. இழுவை போய்விட்டது. வண்டி இழுக்கல என்றுதான் அவர் வேலை பார்க்கிற லாரி, கார் உதிரிபாகக் கடைக்கு வருகிற டிரைவர்கள் சொல்வார்கள், அண்ணா ஏத்தத்துல வண்டி இழுக்கலண்ணா, அவர் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றபடி, புகை என்ன கலர் என்று கேட்பார். இப்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தார். கறுப்பு. தாண்டி வந்த வளைவு முழுக்கக் கறுப்பாக மூடிக் கிடந்தது. நீங்க அம்மாவைப் பாத்துக்கங்க.

அதைத்தான் பையன் சொன்னான். அவ்வளவுதான் சொன்னான். காலையில் கடையில் நல்ல கூட்டம், ஒரு கையில் ஃபேன் பெல்ட், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், பரணி என்று பெயர் வந்ததுமே அவருக்கு முதலில் தோன்றியது தவறி அடித்துவிட்டான் என்பதுதான், ஏனென்றால் பையன் அவருக்குப் போன் செய்வதில்லை. எதுவானாலும் அம்மாவுக்குத்தான். சம்பளம் வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அம்மா, பூங்கோதைதான் ராத்திரி சாப்பாட்டின்போது செய்தி வாசிப்பாள், உங்க பையன் மேல குளிருதுங்கறான், உங்க பையன் மிளகு விவசாயிங்க கணக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தறானாம். அப்படிப்பட்டவன் கூப்பிட்டு, அப்பா, வண்டி எப்படி ஓடுது என்று கேட்டான். வண்டியா, நல்லாத்தான் ஓடுது, ஏன் என்றார். சும்மாதான் என்றான். சாப்டியா என்றார். ம் என்றான். அப்புறம் மலைக்காற்று போனுக்குள் ஊதுகிற சத்தம், அப்புறம், நீங்க அம்மாவைப் பாத்துக்கங்க. வைத்துவிட்டான். இதில் என்ன இருக்கிறது. ஒன்றும் இல்லை. பூங்கோதை ஈரோட்டில் அக்கா வீட்டில் இருக்கிறாள், அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்து படுக்கை, அதைத் தெரிந்துதான் சொல்லியிருப்பான், அம்மா அலையறாங்க, பாத்துக்கங்க என்கிற அர்த்தத்தில். பிள்ளைகள் சொல்வதுதான். ஆனால் அம்மா ஈரோட்டில் இருக்கும்போது நாமக்கல்லில் இருக்கிற அப்பா எப்படிப் பார்த்துக்கொள்வார். இன்றைக்கு என்று சொல்லவில்லை அவன். இனிமேல் என்கிற மாதிரி சொன்னான். இல்லை, அப்படிச் சொல்லவில்லை, அது இவராகச் சேர்த்துக்கொள்வது. ஃபேன் பெல்ட்டைக் காகிதத்தில் சுற்றி வாடிக்கையாளர் கையில் கொடுத்த பிறகுதான் அந்த வாக்கியம் திரும்பக் கேட்டது. அவன் நம்பருக்குத் திருப்பிப் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டார். அதே பெண் குரல். முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார், பஸ் ஸ்டாண்டில் அவன் இருக்கிற மலையூருக்குப் போகும் செம்மேடு பஸ் அப்போதுதான் போயிருந்தது, வீட்டுக்கு ஓடி வண்டியை எடுத்தார்.

இரண்டாம் கியரில் முடியாமல் முதல் கியருக்கு இறக்கினார். எஞ்சின் கத்தியது, கத்தலுக்குத் தகுந்த நகர்வு இல்லை. கத்தலுக்கு நடுவே இன்னொரு சத்தம், உஸ்ஸ் என்று, குக்கர் விசிலைத் தூக்கிப் பிடித்தால் வருகிற மாதிரி, காலை எடுத்தால் நிற்கிறது, மிதித்தால் வருகிறது. காற்று. எங்கேயோ காற்றுப் போகிறது. காற்றுப் பத்தாமல் டீசல் மட்டும் உள்ளே போனால் எரியாமல் கரும்புகைதான். டர்போ வைத்த எஞ்சின் காற்றை அமுக்கி அமுக்கிக் குடித்தே பழகியது, அந்தக் காற்று இல்லையென்றால் அது பாதி எஞ்சின். இதெல்லாம் அவருக்குத் தெரியும், முப்பது வருஷத்துக் கவுண்டர் ஞானம். எந்த வண்டிக்கு எந்த ஹோஸ், எந்த அட்டைப்பெட்டி எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். ஆனால் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகு அந்தச் சாமான் எங்கே போய் உட்காரும், எப்படி உட்காரும் என்பதை அவர் கையால் பார்த்ததே இல்லை. பானெட்டைத் திறந்தால் எல்லாம் சாமான், எல்லாவற்றின் பெயரும் தெரியும், கூட்டத்தில் தெரிந்த முகங்களைப் பார்த்து இவர் யார் வீட்டுக்காரர் என்று முழிக்கிற மாதிரி முழிப்பார். பரணி சின்ன வயசில் ஒருமுறை கேட்டான், அப்பா நீங்க மெக்கானிக்கா. இல்லப்பா. அப்ப டிரைவரா. இல்லப்பா. அப்ப லாரியில நீங்க என்ன பண்ணுவீங்க. அதற்கு அவர் சிரித்தது ஞாபகம் வந்தது, அந்தச் சிரிப்பு ஏன் இப்போது வரவேண்டும், அவன் முகம் ஏன் அந்தச் சின்ன வயசு முகமாகவே வருகிறது, இப்போதைய முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றார், தாடி வைத்திருக்கிறானா எடுத்துவிட்டானா என்று தெரியவில்லை. பொங்கலுக்கு வந்தபோது வைத்திருந்தானா. சாப்பிட உட்கார்ந்தபோது எதிரில்தான் இருந்தான். அவன் தட்டைத்தான் பார்த்திருக்கிறார்.

பின்னால் ஹாரன் அடித்தது. ஒரு பிக்கப் வண்டி பொறுமையில்லாமல் ஒட்டிக்கொண்டு வந்து, வளைவிலேயே தாண்டிப் போனது, போகும்போது டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை விரித்துக் காட்டினான். அவனை நிறுத்தி ஏறிக்கொண்டிருக்கலாம் என்று அது மறைந்த பிறகு தோன்றியது. எல்லாமே பிறகுதான் தோன்றுகிறது. நேற்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். நேற்றுச் சாயங்காலம் கடையில் கணக்குப் பார்க்கிற பெண் சொன்னாள், அரசாங்க வேலைப் பரீட்சை ரிசல்ட் வந்துடுச்சுங்க சார், உங்க பையன் எழுதியிருந்தாருல்ல. எழுதியிருந்தான். நான்காவது முறையோ என்னவோ. கேட்டால் என்ன ஆகுமோ என்று கேட்கவில்லை, கிடைத்திருந்தால் அவனே சொல்வான், சொல்லவில்லையென்றால் கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்பதை அவன் வாயாலேயே சொல்ல வைப்பானேன் என்று நினைத்தார், அது கரிசனம் என்று நினைத்தார். அவனுக்கு அது எப்படிப் பட்டிருக்கும். யாரும் கேட்கவில்லை என்று பட்டிருக்கும். இல்லை, பாஸ் கூட ஆகியிருக்கலாம், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டு, கூச்சப்பட்டு, வண்டி எப்படி ஓடுது என்று எதையோ கேட்டு வைத்திருக்கலாம், சார்ஜ் இல்லாமல் போன் அணைந்திருக்கலாம், மலையில் கரண்ட் போவது அதிசயமா. அவர் போய்க் கதவைத் தட்டினால் தூங்கி எழுந்த கண்ணோடு, என்னப்பா திடீர்னு என்பான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் போதும். அதற்காக எத்தனை வளைவு வேண்டுமானாலும். ஆனால் குரல். அந்தக் குரலை அவருக்குத் தெரியும். அவருடைய தம்பி மாரப்பனின் குரல் அது.

மாரப்பன் ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்தான். வா டீ குடிக்கலாம்ணா என்றான். போனார்கள், எதிர்க்கடையில் நின்று குடித்தார்கள், அவன் வெயிலைப் பற்றிச் சொன்னான், ரோட்டில் போன ஒரு நாயைப் பார்த்துச் சிரித்தான், புதுசாகக் கல்யாணமான அண்ணனை, அண்ணி நல்லா சமைக்கறாங்களா என்று விசாரித்தான். ஆறு மாதமாக யாரோடும் முகம் கொடுத்துப் பேசாதவன் இவ்வளவு பேசுகிறானே, தேறிவிட்டான் என்று வையாபுரிக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, ராத்திரி பூங்கோதையிடம் அதைச் சொன்னார். மறுநாள் காலையில் மாரப்பன் இல்லை. அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் அந்த டீயைத் திரும்பத் திரும்பக் குடித்துப் பார்த்துவிட்டார், எந்த வாயில் தெரிந்திருக்க வேண்டும், எந்தச் சொல்லில், ஒன்றுமே கிடைக்கவில்லை, குரல் மட்டும்தான். அந்தக் குரலில் ஒரு சுத்தம் இருந்தது. எல்லாச் சாமானையும் எடுத்து வெளியே வைத்துப் பெருக்கிவிட்ட அறையில் பேசினால் கேட்குமே, அந்தச் சுத்தம். இன்று காலை போனில் அதேதான் கேட்டது. கேட்டதா. இல்லை இந்த ஒன்றரை மணி நேரத்தில் இவரே மாரப்பனின் குரலை எடுத்துப் பையனின் வாயில் வைத்துவிட்டாரா.

போன் அடித்தது. ஒரு கையால் எடுத்தார். பரணி என்று இருக்கவேண்டும் என்று பார்த்தார். பூங்கோதை.

"ஏனுங்க, எங்க இருக்கறீங்க? சத்தமா இருக்கு."

"ரோட்டுல."

"கடைக்குப் போகலையா?"

"ஒரு வேலையா வெளிய வந்தேன்."

"பரணிக்குப் போட்டேன், லைன் போகல. ஆபீஸ்ல இருப்பான். அக்கா இன்னைக்கு எந்திரிச்சு உட்கார்ந்துட்டாங்க. நான் ஞாயித்துக்கெழம வந்துடறேன். மத்தியானம் சோறு திங்காம இருக்காதீங்க."

"சரி."

"என்னங்க, ஒரு மாதிரி பேசறீங்க?"

"மேடு. வண்டி இழுக்கல."

சிக்னல் அறுந்து போனது. சொல்லியிருக்க வேண்டுமா. சொன்னால் அவள் ஈரோட்டில் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். சொல்லாமல் இருந்து ஏதாவது என்றால், ஏதாவது என்றால் என்று அந்த இடத்தில் நினைப்பு போய் முட்டி நின்றது, அதற்கு மேல் ஒரு அடி போகவில்லை, பின்வாங்கி மறுபடி வந்து அதே இடத்தில் முட்டியது. சொன்னால் அது உண்மையாகிவிடும். வாய் திறந்து ஒருவரிடம் சொல்லாதவரைக்கும் அது இவர் வயிற்றுக்குள் மட்டும் இருக்கிற வெறும் பயம். ஒரு வளைவு வந்தது, செங்குத்தாக, மஞ்சள் பலகையில் நம்பர் எழுதி, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தார், பாதி வளைவிலேயே வண்டி மூச்சுவிடத் திணறி நடுங்கி, எஞ்சின் நின்று போனது. பின்னால் உருளத் தொடங்கியது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பிரேக்கில் ஏறி நின்று, சாவியைத் திருப்பி, கிளட்ச் கருகுகிற வாசனையோடு எப்படியோ வளைவின் மேல்முனைக்கு ஏற்றி, அங்கே கொஞ்சம் சமமாக இருந்த ஓரத்தில் ஒதுக்கினார். நெற்றி ஸ்டீயரிங்கில் போய்ச் சாய்ந்தது. ஹாரன் அடித்துவிட்டது. தலையைத் தூக்கினார்.

தார்ப்பாயைக் கட்டி நிழல் போட்டு அன்னாசிப்பழம் அடுக்கி வைத்திருந்த ஒரு பெண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும், மூக்கில் இரண்டு பக்கமும் குத்தியிருந்தாள், கையில் பழம் சீவுகிற கத்தி. மேலிருந்து மூடுபனி இறங்கி வந்து அவள் பழங்களைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். சூடு முகத்தில் அறைந்தது. ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றித் தட்டினார், தூசிதான், இந்தத் தூசிக்கு இவ்வளவு புகை வராது. கிளிப் நழுவிக் கீழே விழுந்தது, குனிந்து தேடினார். டர்போவிலிருந்து கிளம்புகிற தடித்த ரப்பர் ஹோஸ். கடையில் இடது பக்கத் தட்டு, மேலிருந்து இரண்டாவது வரிசை. அது எங்கே. எது எங்கே போகிறது. இந்தப் பெண்ணிடம் கேட்கமுடியாது, போன் செய்து மெக்கானிக்கைக் கேட்கலாம் என்றால் சிக்னல் கோடுகள் இல்லை, கண்ணால் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போனார், இது ரேடியேட்டர், இது டீசல், இது வேறு, எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டார், எங்கேயோ பட்டுப் புறங்கை பொசுங்கியது, எடுக்காமல் இன்னும் உள்ளே விட்டார். விரலில் பிசுபிசுப்பு. எடுத்துப் பார்த்தால் கறுப்பு எண்ணெய். காற்றோடு கொஞ்சம் எண்ணெய் கசியும், கிழிசல் இருந்தால் அங்கே ஈரமாக இருக்கும், எத்தனை டிரைவர்கள் சொல்லியிருக்கிறார்கள், எத்தனை பேருக்கு அதைக் கேட்டுவிட்டுப் புது ஹோஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார். மறுபடி விட்டார். ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப். கிளாம்புக்குப் பக்கத்திலேயே, நுனியில், விரல் உள்ளே போகிற அளவுக்கு ஒரு வாய் பிளந்து கிடந்தது.

"கை வேகுதுண்ணா. கொஞ்சம் ஆறட்டும், அப்பறமா பாருங்க," என்றாள் அந்தப் பெண்.

"ஆறறதுக்கு நேரமில்லம்மா."

"மேல சாமி கும்பிடப் போறீங்களா?"

"இல்ல."

அவள் சாக்குத்துணி ஒன்றைத் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டார். குளிர்ச்சி பட்டதும்தான் எரிச்சல் தெரிந்தது.

"என்னண்ணா ஆச்சு?"

அவர் ஹோஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் பையன் செம்மேட்டுல தனியா இருக்கறான். காலைல போன் பண்ணான். பேசினது சரியில்ல. இப்ப ஸ்விட்ச் ஆஃப். ஏதாச்சும் பண்ணிக்குவானோன்னு பயமா இருக்கு."

சொல்லிவிட்டார். மலை அப்படியே நின்றது, மூடுபனி அப்படியே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அய்யோ என்று சொல்லவில்லை. அப்படியெல்லாம் இருக்காதுண்ணா என்றும் சொல்லவில்லை. கத்தியைப் பழத்தின்மேல் வைத்துவிட்டுக் கேட்டாள்: "போய்ப் பாக்கச் சொல்லி யாருக்காச்சும் சொல்லிட்டீங்களா?"

இல்லை. யாருக்கும் சொல்லவில்லை. அவன் வேலை செய்கிற இடத்து நம்பர் இருக்கிறதே என்று அப்போதுதான் நினைவு வந்தது, இல்லை, அப்போது வரவில்லை, காலையிலேயே வந்தது, வந்ததும் தள்ளிவிட்டார். வெளியாட்கள் போய்க் கதவைத் தட்டி, அங்கே அவன் சும்மா தூங்கிக்கொண்டிருந்தால், பையனைப் பற்றி என்ன நினைப்பார்கள், வேலையில் என்ன பேசுவார்கள். மாரப்பனுக்கும் அப்படித்தான், மருத்துவரிடம் கூட்டிப்போகலாமா என்று அம்மா கேட்டபோது அப்பா, ஊர் என்ன பேசும் என்றார், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஊர் எத்தனை நாள் பேசியது. ஒரு வாரம் பேசிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போனது. வையாபுரி தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று.

"எங்க கொழுந்தன் செம்மேட்டுல டீக்கடை போட்டிருக்கான். சடையன்னு. நல்லவன், வாய் அதிகம் பேசமாட்டான். உங்க பையன் எங்க இருக்கறாரு?"

"பஸ் நிக்கற எடத்துக்குப் பின்னால, உரக்கடைக்கு மேல் மாடி. பேரு பரணி."

"அடுத்த வளைவுல பாறைமேல ஏறினா சிக்னல் கெடைக்கும். நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன். நீங்க வண்டியப் பாருங்க." செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ரோட்டில் போகாமல் சரிவில் செடிகளுக்குள் குறுக்கே ஏறினாள். இரண்டு நிமிஷத்தில் மூடுபனி அவளை எடுத்துக்கொண்டது.

கிழிந்திருப்பது நுனி. நுனியை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை இழுத்து மாட்டினால் பிடிக்கும். கடைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்பார்கள், வெட்டிப் போட்டா நிக்குமாண்ணா, அவர் உதட்டைப் பிதுக்குவார், நிக்காது, ஏத்தத்துல கழட்டிக்கும், புதுசு போட்டுடுங்க. இப்போது நிற்க வேண்டும். டிக்கியில் ஸ்பேர் டயருக்கு அடியில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தது, அதை வைத்துக் கிளாம்பைத் தளர்த்தினார், அது திரும்பவில்லை, திரும்பியது, அவர் அழுத்திய அழுத்தலில் நழுவி உள்ளங்கையைக் கிழித்தது. சாக்கைச் சுற்றிக்கொண்டு ஹோஸை உருவினார். அன்னாசிக் கத்தியை எடுத்தார். ரப்பர் சூட்டில் இளகியிருந்தது, ஆனாலும் உள்ளே நூல் போட்ட ரப்பர், கத்தி இறங்க மறுத்தது, அறுத்தார், அறுத்துக்கொண்டே மேலே இந்நேரம் யாரோ மாடிப்படி ஏறுவார்கள் என்று நினைத்தார், மாடிப்படி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது, ஒருமுறைகூட வந்ததில்லை, வாங்கப்பா ஒரு நாள் என்று அவனும் கூப்பிட்டதில்லை, கூப்பிடாமலே வருவதுதானே வருவது. கதவு என்ன நிறம். தட்டுகிறான் அந்தச் சடையன். திறக்கவில்லை. மறுபடி தட்டுகிறான். அந்த இடத்தில் மனசு மூன்று விதமாகக் கதவைத் திறந்து பார்த்தது, மூன்றையும் அவர் அறுத்துத் தள்ள வேண்டியிருந்தது, கத்தி ரப்பரைத் தாண்டி வெளியே வந்தபோது வளையமாக ஒரு துண்டு எஞ்சினுக்குள் விழுந்து போனது. போகட்டும். இழுத்தார். வரவில்லை. மார்பைப் பானெட்டில் சாய்த்து முழு உடம்பையும் கொடுத்து இழுத்தார், முருகா என்று வாய் சொன்னது, முருகாவும் இல்லை, பரணி என்றுதான் சொன்னது, ஹோஸ் குழாயின்மேல் ஏறி உட்கார்ந்தது. கிளாம்பைத் திருகினார். கை நிற்கும் வரை திருகினார்.

அவள் திரும்பி வந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், வியர்வையா பனியா தெரியவில்லை. "சொல்லிட்டேன். கடைய அப்படியே போட்டுட்டுப் போறான்."

"பாத்துட்டு என்ன சொன்னாரு?"

"அதுக்குள்ள சிக்னல் போச்சுண்ணா. நீங்க கெளம்புங்க."

அவர் கும்பிட்டார். கும்பிட்ட கையில் அவளுடைய கத்தி இருந்தது. அவள் அதை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

மிதித்தார். முதலில் ஒன்றும் இல்லை, பழைய முனகல்தான், அப்புறம் எங்கேயோ ஆழத்தில் டர்போவின் மெல்லிய கூவல் தொடங்கி, முதுகு சீட்டோடு ஒட்டியது. இழுத்தது. வண்டி இழுத்தது. இரண்டாம் கியர், வளைவு, இரண்டாம் கியரிலேயே வளைவு தாண்டி ஏறியது, கண்ணாடியில் புகை இல்லை, உடம்பு தன்னையறியாமல் சந்தோஷப்பட்டது, அந்தச் சந்தோஷம் அவருக்கு அருவருப்பாக இருந்தது, மேலே என்ன என்று தெரியாமல் ஒரு ரப்பர் குழாய்க்காக உடம்பு சிரிக்கிறது. அழுத்தி மிதிக்கக் கூடாது, அழுத்தினால் காற்று ஹோஸைப் பிடுங்கி எறிந்துவிடும். மிதிக்காமல் இருக்கவும் முடியாது. முட்டைமேல் கால் வைத்த மாதிரி மிதித்தார், கூவல் ஏறும்போது காலைத் தளர்த்தி, தளர்ந்ததும் மெதுவாகக் கொடுத்து, காது முழுவதும் அந்தக் கூவலில், உஸ் என்று வருகிறதா, இல்லை, வருகிறதா, இல்லை, அது மரத்தில் காற்று. சில்வர் ஓக் மரங்கள் மூடுபனிக்குள் ஒவ்வொன்றாக வந்து வந்து போயின. மிளகுக்கொடி. ஒரு பள்ளிக்கூடம். சீருடை போட்ட பிள்ளைகள் ஓரமாக நடந்தார்கள், அத்தனை பிள்ளைகளும் யாரோ ஒருவருடைய பிள்ளைகள், எல்லோரும் சாயங்காலம் வீடு போய்ச் சேரட்டும் என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. சோளக்காடு வந்தது. போன் முனகியது, சிக்னல் வந்துவிட்டது, எடுத்துப் பார்க்கப் பயமாக இருந்தது. எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் தெரியாமலே இருக்கலாம். தெரியாமல் இருக்கிற இந்தக் கொஞ்ச தூரத்தில் அவன் இருக்கிறான். ரோடு சமமாகிவிட்டது, ஏற்றம் முடிந்துவிட்டது, இனி மிதிக்கலாம், ஆனால் கால் தானாகவே தூக்கிக்கொண்டது, வண்டி மெதுவாகப் போகட்டும் என்று கால் ஆசைப்பட்டது, ஏறி வந்த தூரமெல்லாம் சீக்கிரம் சீக்கிரம் என்று துடித்த அதே கால். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்.

செம்மேட்டில் பஸ் நிற்கிற இடம், உரக்கடை. ரோட்டில் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லை என்பதை முதலில் பார்த்தார், அதற்கு என்ன அர்த்தம் என்று புரியுமுன்னே வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினார். உரக்கடைப் பக்கத்தில் குறுகலாக ஒரு சிமெண்டுப் படிக்கட்டு. மேலே ஏறினார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார், வெள்ளைச் சுவரில் கை கறுப்பாகப் பதிந்தது. மாடி நடைபாதையின் முனையில் ஒரு நீலக் கதவு திறந்து கிடந்தது. அதன் வாசற்படியில் இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் லுங்கியைத் தூக்கிக் கட்டிய, கையில்லாத பனியன் போட்ட கறுத்த மனிதன். இன்னொருவன் பரணி. தாடி வைத்திருந்தான். அவர்கள் முன்னால் தரையில் இரண்டு டம்ளர் டீ, ஒன்று காலி, இன்னொன்று ஆடை படிந்து அப்படியே இருந்தது.

பரணி அவரைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. கண் வீங்கியிருந்தது.

"இவரு வந்து கதவத் தட்டினாருப்பா," என்றான், விட்ட இடத்திலிருந்து பேசுகிறவன் மாதிரி. "டீ கொண்டாந்திருக்கேன்னாரு. நான் கேக்கலையேன்னேன். வேண்டாம், போங்கன்னேன். போகல. சரி, இங்கயே உட்கார்ந்திருக்கேன்னு வெளிய உட்கார்ந்துக்கிட்டாரு. ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல. அவரு இருமற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

வையாபுரி ஒரு எட்டு கிட்டே போய் நின்றார்.

"தொறந்தேன்," என்றான் பரணி.

சடையன் எழுந்தான். இரண்டு டம்ளரையும் எடுத்து, ஆறிப்போன டீயைச் சுவரோரம் ஊற்றினான். வையாபுரியின் கையைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான். "சூடா கொண்டாரேங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

வாசற்படி குறுகலாக இருந்தது. வையாபுரி அவன் எழுந்த இடத்தில் உட்கார்ந்தார். அந்த இடம் இன்னும் சூடாக இருந்தது.